கையெழுத்துப் போடுபவர்

"இன்னும் எவ்வளவு நேரம்? சாயங்காலத்துக்குள்ள வரிப் படிவமெல்லாம் போயாகணும்," என்று சீறினார் ஸ்பாக்ஸ் நகரில் தனியார் தணிக்கை அலுவலகம் நடத்தும் முன்சிஃப் என்பவர்.

பழைய கணினியின் வரி மென்பொருள் அமைப்புகளைப் புதியதற்கு மாற்ற வந்திருந்த ஒல்ஃபா நிமிர்ந்தாள். "கையெழுத்துப் போடுறவர் பேரு 'லஸாத் திரிகி'ன்னு இருக்கு. மாத்தணுமா சார்?"

"எதையும் மாத்தாதேன்னு சொன்னேன்ல? காது கேக்காதா? அவர் எங்க மூத்த தணிக்கையாளர். இன்னிக்குக் காலையிலகூட எல்லாத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நீ வேலையைப் பாரு."

ஒல்ஃபா அந்தப் பெயர் இருந்த பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரைக் கேட்டு அதை எடுத்தே?"

"வரி அலுவலகத்துல காட்டணும். நாலு வருஷத்துக்கு முன்னாடி நாங்க புதைச்ச எங்கப்பா, இன்னிக்குக் காலையில இங்க வந்து கையெழுத்துப் போட்டிருக்காருன்னு."