முழங்காலைப் பற்றி ஒரு வரி

“சாத்தூர் வெயில்ல கைலியோட உட்கார்ந்தே கனடாவுல ஒரு கோலைத் தடுத்துட்டேன்!” என்று போனில் முழங்கினார் ஓய்வுபெற்ற கண்டக்டர் அய்யாத்துரை.

ஐஸ் ஹாக்கி வீரர்களுக்கு அவர்களின் ஹெல்மெட்டே இணையக் கலைக்களஞ்சியத்தைத் தாய்மொழியில் வாசித்துக் காட்டும் காலம் அது. அதில் எழுதும் தன்னார்வலர் அய்யாத்துரையோ ஜூஸ் கடைக்கு வெளியே ஐஸையே பார்த்ததில்லை.

டொராண்டோவின் தமிழ்க் கோல்கீப்பருக்காக, ‘எதிரணித் தலைவன் முழங்காலை மடக்கினால் இடப்பக்கம் அடிப்பான்’ என்று இருமுறை எழுதியிருந்தார். கலைக்களஞ்சிய நிர்வாகி சண்முகக்கனி இருமுறையும் நீக்கிவிட்டார்.

“சான்று எங்க, அண்ணாச்சி?”

“முப்பது வருஷம் பஸ் படிக்கட்டுல தொங்குறவன் முழங்காலைப் பார்த்தவன்மா நான். எவன் எந்தப் பக்கம் குதிப்பான்னு தெரியாதா?”

“இன்னொரு தடவை எழுதினா உங்க கணக்கை முடக்கிடுவேன்.”

இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் அய்யாத்துரை அதே வரியை மூன்றாம் முறையும் எழுதியேவிட்டார்.

இப்போது போனில் சண்முகக்கனி பெருமூச்சுவிட்டார். “முடக்கத்தான் போனேன், அண்ணாச்சி. அதுக்குள்ள ஹெல்மெட் அதை வாசிச்சிடுச்சு, எதிரணித் தலைவன் முழங்காலை மடக்கிட்டான், நம்ம பையன் இடப்பக்கம் பாஞ்சிட்டான். நீங்க தடுத்தது நெசந்தான்.”