யூமெய்யின் ஸ்டூல்

நாக்கு வெந்துபோய், மதியச் சோற்றில் சூடு மட்டும்தான் தெரிகிறது. சீனாவின் ஷென்ஜெனில் எங்கள் ஆலையில் இ-சிகரெட்டின் சூட்டுக்கம்பியை வாயால் இழுத்துத்தான் சோதிக்கிறோம். ஆளுக்கு நாளொன்றுக்கு மூவாயிரம் இழுப்பு. என்னிடம் வரும்போது கருவியின் திரையில் இழுப்பு எண்ணிக்கை 0 இருக்க வேண்டும். நான் இழுத்தால் 1.

எனக்கு முந்தைய ஸ்டூல் யூமெய்யுடையது. இருமி இருமியே மார்ச்சில் செத்துப்போனாள். அதில் வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை. திங்கள்கிழமையிலிருந்து அந்த ஸ்டூலைத் தாண்டி வரும் கருவியெல்லாம் 1 காட்டுகிறது. வாய்முனை ஈரமாக இருக்கிறது.

மேற்பார்வையாளர் பெங் கத்தினார். "எவ இங்க திருட்டு இழுப்பு இழுக்கிறது?"

"மூவாயிரம் பத்தலைன்னு ஓசியில வேற இழுக்கிறோமாண்ணே?" என்றேன்.

"அப்ப பேயா இழுக்குது?"

"நீங்களே அதுல உட்காந்து பாருங்க."

அவர் உட்காரவில்லை. கருவிகள் நகரும் பெல்ட்டை நிறுத்தினார். காலி ஸ்டூலுக்கு நேரே நின்ற கருவியில் விளக்கு எரிந்து அணைந்தது. 1. மறுபடி எரிந்தது. 2. புகை மட்டும் வெளியே வரவேயில்லை.

பெங் பெல்ட்டை ஓடவிட்டார். "வேலையப் பாருங்க" என்றார்.

பிப்ரவரியில் யூமெய் நெஞ்சு எக்ஸ்ரே கேட்டபோது, "அடுத்த வாரம்" என்றவர் இவர்தான். அந்த எக்ஸ்ரேயை ஆலை அவளுக்கு இன்னும் பாக்கி வைத்திருக்கிறது.