மூன்றாம் நாள் தங்குமிடம்

"அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகலை. அதுக்குள்ள எவரோ ஒருத்தரோட ஆறு நாள் மலைக்காட்டுல நடக்கப் போறியா?"

மாடி வீட்டு மகளின் குரல். நான் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பெருக்கிய படிதான், அதனால் என்ன?

"எவரோ இல்லை. முக்குல கண்ணாடிக் கடை வச்சிருக்காரே, அவர்தான்," என்றாள் அம்மாக்காரி. முதுகுப்பையின் வாரை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. "தனியாப் போனா உள்ள விட மாட்டாங்க."

"அப்பா விழுந்து செத்த இடம்மா அது. உனக்கு மனசே இல்லையா?"

"இருந்துச்சு."

கடைக்காரரின் மனைவி அவரை விட்டுப் போய்ப் பல மாதம் ஆகிறது. இது போதாதா எனக்கு? சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்தேன்.

ஏழாம் நாள் அவள் திரும்பியபோது மகள் பெட்டியோடு கிளம்பிப் போயிருந்தாள். சர்க்கரை கேட்கிற சாக்கில் மேலே போனேன். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பொழுது நல்லாப் போச்சா?" என்றேன், கொஞ்சம் குத்தலாக.

"மூணாம் நாள் ஒரு தங்குமிடம் வரும்க்கா. தங்கறவங்க அங்க நோட்டுல பேர் எழுதணும். என் வீட்டுக்காரர் விழுறதுக்கு முதல் நாள் பக்கத்தைப் பார்க்கத்தான் ரெண்டு பேரும் போனோம். அவர் கையெழுத்துலயே 'கணவன், மனைவி'ன்னு இருக்கு. மனைவிங்கற இடத்துல கடைக்காரரோட சம்சாரம் பேரு."

"மகள்கிட்ட சொன்னியா?"

"எதுக்கு? அவளுக்கு அப்பாவாவது மிஞ்சட்டும்."

அடுத்த மாதமே கடைக்காரர் கடையை மூடிவிட்டு வேறு ஊர் போனார். மகள் கல்யாணம் செய்துகொண்டு வெளிநாடு போனாள். கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.