பெயர் கேட்டு நீட்டிய குழந்தை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சங்ககிரியில் பார்த்த ஒன்றைக் கதையாகச் சொல்கிறேன். உச்சி வெயிலில் பிரச்சார வேன் நிற்கிறது. "பெத்தவங்க கையெழுத்து இல்லாத கல்யாணம் செல்லாதுன்னு சட்டம் கொண்டாருவோம்! குடும்பந்தானுங்க நமக்குச் சாமி!" என்று கட்சித் தலைவர் முழங்குகிறார். பக்கத்தில் ஒன்றியச் செயலாளர் சென்னிமலை, தோள் நிறையச் சால்வைகளோடு எல்லோருக்கும் முந்திக் கைதட்டுகிறார். தலைவரைப் பெயர் வைக்கச் சொல்லி, கூட்டத்தில் இருப்பவர்கள் வழக்கம்போலக் குழந்தைகளை மேலே நீட்டுகிறார்கள். சௌந்தர்யாவும் தன் மகனை நீட்டுகிறாள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள், இரண்டு வருடம் கழித்து இன்றுதான் ஊருக்குள் வந்திருக்கிறாள். தலைவர் குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிறார். "பையனா? தாத்தன் பேரையே வெச்சிரலாம். என்ன பேருங்க அம்மிணி?" "சென்னிமலைங்க. உங்க பக்கத்துலதான் நிக்கறாருங்க." மைக்கில் அது கடைவீதி முழுக்கக் கேட்கிறது. "அட, நம்ம செயலாளரு பேரனா! சொல்லவே இல்லீங்களே!" குழந்தை எட்டி, சென்னிமலையின் சால்வைச் சரிகையைப் பிடித்துக்கொள்கிறது. அவர் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுகிறார். "நம்மூட்டுக் கொழந்தை இல்லீங்க தலைவரே. அடுத்தத வாங்குங்க." கீழே சௌந்தர்யாவின் கைகள் இன்னும் நீட்டியபடியே இருக்கின்றன. உங்கள் வீட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் உங்கள் வீட்டுக் குழந்தையாகவே இருக்கட்டும், கண்ணுகளா.