முதல் சுற்று

பெரியவர் சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தார். ராட்சத ராட்டினம் ஒரு முனகலோடு நின்றது. மருமகளும் பேத்தியும் உட்கார்ந்திருந்த மஞ்சள் பெட்டி மூன்றாம் மாடி உயரத்தில் தொங்கியபடி முன்னும் பின்னும் ஆடியது.

கீழே கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த மகனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"அப்பா, என்ன பண்றீங்க? வீடியோ ஓடிட்டிருக்கு."

"அவங்களைக் கீழே இறக்கு."

அதை அவர் மகனிடம் சொல்லவில்லை, ஆபரேட்டரிடம் சொன்னார். ஆபரேட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்பா இந்தப் பூங்காவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் காலையில் வந்து, ஒரு சுற்று போய்க்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டவன். அதற்கென்ன சார், இன்னும் யாராவது இருந்தாலும் கூட்டிட்டு வாங்க என்று சொன்ன வாயை ஆபரேட்டர் இப்போது இறுக்க மூடிக்கொண்டிருந்தான்.

மழைக்காலம் முழுக்கப் பழுது பார்ப்பதற்காக மூடிக் கிடந்த கடலோரப் பூங்கா, அன்றைக்குத்தான் திறக்கிறது. கூட்டம் வருவதற்குள் காலி ராட்டினத்தில் மனைவியையும் மகளையும் ஏற்றிவிட வேண்டும் என்பது மகனின் நெடுநாள் ஆசை. வாசலில் பழைய காவலாளியிடம் கதை பேசிக்கொண்டிருந்த அப்பா, ராட்டினம் அசைவதைப் பார்த்ததும் ஒரு செருப்பை வழியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருந்தார்.

"நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது நீங்க கூட்டிட்டு வரலையாப்பா? இது மூடித் திறக்கிறப்பல்லாம் முதல் சுத்து நமக்குத்தானே. ஸ்கூல்ல அத்தனை பேரும் என்னை ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி பார்ப்பானுங்க."

"சரி. இறக்கு."

மேலே மருமகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கரன்ட் போயிடுச்சா?"

"இல்ல. அப்பாவுக்குக் கோபம்."

"மாமாவைக் கேக்காம ஏறினது தப்புதான். அதுக்காக எங்களைத் தொங்கவிடணுமா?"

பேத்திக்கு அந்த மனக்குறை எதுவும் இல்லை. "தாத்தா, இன்னும் மேல" என்று எழுந்து நின்று பெட்டியை ஆட்டினாள்.

"ஆட்டாத கண்ணு. உக்காரு." பெரியவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். "கண்ணுல்ல, தாத்தா சொல்றேன்ல. உக்காந்துக்கோ."

உச்சியில், அச்சுக்குப் பக்கத்தில் எங்கோ ஓர் இரும்பு நீளமாகக் கிறீச்சிட்டது. கீழே மூன்று தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"மழையில நனைஞ்சதுண்ணே" என்றான் ஆபரேட்டர். "ரெண்டு சுத்து சுத்தினா சரியாயிடும்."

"சுத்த வேண்டாம். வந்த வழியே திருப்பு. மெதுவா. உன் கை நடுங்குச்சுன்னா சொல்லு, நான் பிடிக்கிறேன்."

ஆபரேட்டர் விசையைப் பின்பக்கம் தள்ளினான். பெட்டி ஒரு சாண் இறங்கி நின்றது. மறுபடி ஒரு சாண். பெரியவர் அதனோடு சேர்ந்து மூச்சை விட்டுவிட்டு இழுத்தார்.

மகனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "குடும்பத்தையே திரட்டிட்டு வருவீங்களே. பெரியப்பா அந்தக் கனத்த உடம்பை வச்சுக்கிட்டு நான் வரலைடா சாமின்னு கதவைச் சாத்திப்பாரு. நீங்க விடாம கையைப் பிடிச்சு இழுத்துட்டு வருவீங்க. அண்ணன் தம்பின்னா இப்படி இருக்கணும்னு அம்மா இன்னிக்கும் சொல்றாங்க."

பெரியவர் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க மட்டும் ஏறினதே இல்ல. இதோ, இதே இடத்துல நின்னு எங்களையே அண்ணாந்து பார்த்துட்டிருப்பீங்க. இறங்கினதும் கட்டிப்பிடிச்சு அழுவீங்க. ஒரு ஐஸ்கிரீம் கேட்டா ரெண்டு கிடைக்கும். என் வாழ்க்கையில அதைவிட சந்தோஷமா எதுவுமே இருந்ததில்லப்பா. அதை என் பொண்ணுக்கும் ஒரு தடவை காட்டணும்னு நினைச்சது தப்பா?"

பெட்டி மேடையைத் தொட்டது. அது முழுதாக நிற்பதற்குள் பெரியவர் சங்கிலியை அவிழ்த்துப் பேத்தியை வாரிக்கொண்டார். பேத்தி அழுதுகொண்டே அவர் முதுகில் குத்தினாள்.

"பரவாயில்ல மாமா. நீங்க ஏதோ நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க" என்று பரவாயில்லாத முகத்தோடு இறங்கினாள் மருமகள்.

மகன் கைபேசியை அணைத்துப் பையில் போட்டான். "ஒரே ஒரு காரணம் சொல்லுங்கப்பா. அம்மாவை ஏத்தினீங்க, என்னை ஏத்தினீங்க, அக்காவை ஏத்தினீங்க, பெரியப்பாவை இழுத்துட்டு வந்து ஏத்தினீங்க. இவளை மட்டும் ஏத்தினா என்ன?"

பெரியவர் பேத்தியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். வேலிக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கிடந்த கடற்கரையைப் பார்த்தார்.

"ரிப்பேர் பண்ணின ராட்டினத்தை முதல்ல மணல் மூட்டையை ஏத்தி ஓட்டிப் பார்க்கணும்டா" என்றார். "உங்களை ஏத்தினப்போ மணல் இருந்துச்சு. மூட்டை கட்டத்தான் ஆள் இல்ல."