பிரெஞ்சுக்காரரின் அமானிதம்

தக்கை பாதியிலேயே நொறுங்கியது.

கச்சிமுகம்மது குனிந்து பார்த்தான். ஒழுங்காக வைத்திருந்த வைனின் தக்கை நொறுங்காது. அதைச் சொல்லிக்கொடுத்தவரே இப்போது அவன் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, மிச்சத் தக்கையைத் திருகாணியால் நோண்டிக்கொண்டிருந்தார்.

ரெனே. பிரெஞ்சுக்காரர். சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்.

எழுபத்தேழில் கல்முனை வாடிவீட்டில் பத்து நாள் தங்கியிருந்தார். அங்கே விருந்தாளிகளுக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை கச்சிமுகம்மதுக்கு.

ஐந்து வருசமாகியும் அந்தப் பத்து மாலைகள் அவனை விட்டுப் போகவில்லை.

மேசையில் மீன் பொரியல் ஆறிப்போகும். இருவருக்கும் தெரிந்த அரைகுறை இங்கிலீசில் ரெனே கதை சொல்வதை நிறுத்தமாட்டார்.

பழத்தைப் பெரிய தொட்டியில் கொட்டி, ஊர்ச்சனம் உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாட்டுப் பாடி மிதிப்பார்களாம். மிதித்த காலில் ஏறின சாயம் ஒரு கிழமைக்குப் போகாதாம். கிளாசைச் சுழற்றினால் உள்விளிம்பில் வழியும் கோடுகளுக்குப் பெயர் கண்ணீராம்.

மணந்து பார்க்கச் சொல்வார். கச்சிமுகம்மது மூக்கை வைப்பான். நாவற்பழம், மழை விழுந்த மண், புதுச் செருப்பு என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வான். ரெனே மேசையில் அடித்து அடித்துச் சிரிப்பார்.

ஒரு வாய் குடித்துத்தான் பாரேன் என்பார்.

"சுவர்க்கத்தில இது ஆறாவே ஓடுதாம், சேர். அங்க வந்து பாத்துக்கொள்றன்."

புறப்படும் நாளில் ரெனே அவன் கையில் ஒரு போத்தலைக் கொடுத்தார். அவரே போட்ட வைன். ஐந்து வருசம் கிடந்தால்தான் ருசி ஏறும். நான் திரும்பி வருவேன், சேர்ந்து திறப்போம், அதுவரை உன்னிடமே இருக்கட்டும் என்றார்.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். அமானிதம்.

உள்ளே இருப்பது ஹறாம்தான். அதற்காகக் கொடுத்த வாக்கு வாக்கில்லாமல் போய்விடுமா?

நெல்மூட்டைகளுக்கு நடுவே, இருட்டில், குளிர்ச்சியில், தக்கை காயாதபடி படுக்க வைத்தான். எல்லாம் ரெனே சொன்னது போலவே. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை ஓடெல்லாம் பறந்தபோது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் குந்தியிருந்தான்.

"புயலுக்க பொண்டாட்டிய உட்டுட்டுப் போத்தலக் கட்டிப்புடிச்ச மனிசன்!" அவன் மனைவி சுபைறா இன்றுவரை குத்திக்காட்டும் கதை அது.

இன்று ரெனே வந்துவிட்டார். தலை முழுக்க நரை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் இடிபட்டு வந்திருந்தார். இந்த ஒரு போத்தலுக்காக.

தக்கை வெளியே வந்தது.

மணம் குப்பென்று எழுந்தது. நாவற்பழம் இல்லை. மழை விழுந்த மண் இல்லை. அச்சாறு ஊறுகாய்ச் சாடியைத் திறந்த மணம்.

ரெனே ஒரு வாய் குடித்தார். கண்களை இறுக்கி மூடினார். மிகவும் மெதுவாக விழுங்கினார்.

காடியாய்ப் புளித்து வினாகிரியாகிவிட்டது என்றார்.

கச்சிமுகம்மதுவின் முகத்தில் உயிரில்லை. "வல்லாஹி, சேர், நீங்க சொன்ன மாதிரித்தான் வெச்ச!"

பரவாயில்லை என்று ரெனே அவன் தோளைத் தட்டினார். ஆனால் அவர் கண்கள் போத்தலை விட்டு நகரவில்லை.

அப்போதுதான் கதவு மறைவிலிருந்து சுபைறா வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போத்தலை எடுத்தாள். முகர்ந்தாள். தேநீர்க் கோப்பை ஒன்றில் இரண்டு விரல் அளவு ஊற்றிக் கணவன் முன்னால் வைத்தாள்.

"குடிங்க."

அவன் துள்ளி எழுந்தான். "விசரா புள்ள ஒனக்கு?"

"உள்ளுக்கு ஒண்டும் போடாமத் தானாப் புளிச்சி வினாகிரியானா ஹலால். பள்ளி ஆலிம்சாட்டக் கேட்டாச்சி."

"எப்ப கேட்ட?"

"இவரு போத்தலத் தந்துட்டுப் போன அடுத்த கிழம."

கச்சிமுகம்மது கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"நிழல்ல கெடக்கிறத, தக்க காஞ்சி கெதியாப் புளிக்கட்டும் எண்டு வெயில்ல வெச்சா என்ன எண்டும் கேட்டன். அதுல குத்தமில்லையாம். நீங்க வேலைக்குப் போன மறுகா கிணத்தடியில கொண்டு வெப்பன். வாறத்துக்கு முந்தி எடுத்துப் படுக்க வெச்சிருவன்."

"அமானிதம்டி அது!"

"ஒரு சொட்டு நான் தொடல்ல. வெயிலுக்குத்தான் காட்டின." அவள் குரல் தணிந்தது. "நித்திரையிலயும் அந்த வைன் கதைதானே ஒங்களுக்கு. பாவம் மனிசன், ஒரு வாயாவது குடிக்கட்டும் எண்டு..."

முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

கச்சிமுகம்மது கோப்பையைப் பக்கத்தில் இழுத்தான். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்தான். நாக்குச் சுருண்டது. காது அடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. அத்தனை புளிப்புக்கும் அடியில், எங்கேயோ தொலைவில், ஒரு பழம் இருந்தது.

தமிழ் தெரியாத ரெனே அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் மனைவி என்ன சொல்லிவிட்டுப் போகிறாள் என்று கேட்டார்.

கச்சிமுகம்மது இன்னொரு வாய் குடித்தான்.

"எங்கட ஊர்ல வெயில் கடுமயாம், சேர்."