பச்சை விளக்கு அறை

"பச்சை வெளிச்சத்தை இலை பெரும்பாலும் வேண்டாம்னு தள்ளிடும். அது மட்டுமே இருக்கற அறையில வளர்ந்த உன் செடி எப்படி இப்படிக் கொழுத்துச்சு?" பேராசிரியர் தொட்டியை மேசையில் ணங்கென்று வைத்தார். "வெளியிலேருந்து வேற செடியக் கொண்டுவந்து வெச்சிருக்கே. உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாணவிக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வருட உழைப்பு!

"காலைல எட்டு மணிக்குத் தண்ணி ஊத்திப் பூட்டினா, மறுநாள்தான் சார் திறப்பேன். போன வாரம் உள்ளே ஒளிமானி வெச்சேன். நீங்களே பாருங்க. தினமும் பத்து மணியிலேருந்து, ராத்திரி காவலாளி விளக்கையெல்லாம் அணைச்சுக் கட்டடத்தை மூடற வரைக்கும் வெள்ளை வெளிச்சம்!"

"எந்தத் தடியன் வேலை இது? வா, கையும் களவுமாப் பிடிப்போம்!"

விடுவிடுவென்று நடந்தார். தன்னிடம் இருந்த சாவியால் பச்சை அறையைத் திறந்தார். கை தானாகச் சுவரைத் தடவ, டியூப்லைட் பளீரென்று எரிந்தது. மூலை முடுக்கெல்லாம் குனிந்து தேடினார்.

"உன்னை நம்பாம தினமும் பத்து மணிக்கு நானே வந்து பார்த்துட்டுப் போறேன். என் கண்ணுலயே மண்ணைத் தூவியிருக்கான்!" என்று உறுமிக்கொண்டே வெளியேறி, பூட்டுவதற்குக் கதவை இழுத்தார்.

மாணவி கதவில் கை வைத்துத் தடுத்தாள்.

"சார், இன்னிக்காவது விளக்கை அணைச்சிட்டுப் பூட்டுங்க."